ரோட்டுக்கு டெல்லி தரும் பணம்

எங்கள் ஊருக்குள் பஸ் திரும்பும் முக்கில் ஒரு பலகை நிற்கிறது. பாதி எழுத்து வெயிலில் வெளுத்துவிட்டது. மீதியை நின்று படித்தால் சாலையின் பெயர், நீளம், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்ததாரர் பெயர், வேலை முடிந்த தேதி எல்லாம் தெரியும். அதற்குக் கீழே கட்டம் கட்டி, முதல் வருடப் பராமரிப்பு இவ்வளவு, இரண்டாம் வருடம் இவ்வளவு என்று ஐந்து வருடக் கணக்கு. உச்சியில் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் என்ற பெயர்.

பலகைக்கு எதிரே டீக்கடை. "இது சென்ட்ரல் கவர்ன்மென்ட் போட்ட ரோடு" என்பார் ஒருவர். "டெண்டர் விட்டது, மேற்பார்வை பார்த்தது எல்லாம் நம்ம ஆபீஸ்தானே?" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. தேர்தல் நேரம் வந்தால் இதே சண்டை மைக் வைத்து நடக்கும். ஒரு பக்கம் "நாங்கள் கொடுத்தோம்", இன்னொரு பக்கம் "எங்களுக்கு வரவில்லை". இரண்டு பக்கமும் கோடிகளைச் சொல்வார்கள். அந்தக் கோடிகள் எந்த வகைப் பணம், எதற்குக் கொடுத்தது, திருப்பிக் கொடுக்க வேண்டியதா இல்லையா என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ரோடு யாருடைய பொறுப்பு?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் வேலைகளைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் மத்திய அரசின் பட்டியலில். மற்ற சாலைகள், பாலங்கள், பரிசல் துறைகள், நகராட்சி டிராம் எல்லாம் மாநிலப் பட்டியலில் 13-வது இனம். அப்புறம் 1992-ல் பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் திருத்தம் கொண்டுவந்தபோது, உள்ளூர்ச் சாலையையும் பாலத்தையும் அவர்கள் கையில் கொடுக்கலாம் என்று 11, 12-வது அட்டவணைகளில் சேர்த்தார்கள்.

ஆக, உங்கள் தெரு ரோடும் ஊருக்குப் போகும் ரோடும் டெல்லியின் வேலை இல்லை. டவுன் பஸ்ஸும் அப்படித்தான். பிறகு டெல்லி எதற்குப் பணம் தருகிறது?

வேலை ஒரு பக்கமும் வருமானம் ஒரு பக்கமும் இருப்பதுதான் காரணம். வருமான வரி, கம்பெனி வரி, சுங்க வரி எல்லாம் மத்திய அரசு வசூலிப்பது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு, பஸ் என்று செலவு பிடிக்கும் வேலைகளில் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில். இந்த இடைவெளியை அடைக்கப் பணம் மேலிருந்து கீழே வந்தாக வேண்டும். வருவதற்கு இரண்டு பெரிய வாய்க்கால்கள் இருக்கின்றன.

ஒன்று, வரிப் பகிர்வு. மத்திய, மாநில அரசுகளுக்குள் வரியை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் நிதிக்குழுவின் கணக்குப்படி, பங்கிட வேண்டிய மத்திய வரி வருவாயில் ஒரு பகுதி மாநிலங்களுக்குப் போகும். 15-வது நிதிக்குழு அதை 41 சதவீதம் என்று வைத்தது. அந்த 41-க்குள் 2021-26 காலத்துக்குத் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். அதாவது பங்கிட வேண்டிய தொகை 100 ரூபாய் என்றால் நமக்கு வந்தது ஏறக்குறைய 1 ரூபாய் 67 காசு. இந்தப் பணத்துக்கு நிபந்தனை கிடையாது. மாநிலம் ரோடு போடலாம், சம்பளம் கொடுக்கலாம், கடனுக்கு வட்டி கட்டலாம். "பங்கிட வேண்டிய" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வரிக்கு மேல் கூடுதலாக வசூலிப்பது இந்தப் பங்கீட்டுக்குள் வராது. பெட்ரோல், டீசல் போடும்போது நாம் கட்டும் சாலை மற்றும் உட்கட்டமைப்பு செஸ் அப்படிப்பட்டதுதான். அதிலிருந்து ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்குத் திரும்பி வருகிறது. ஆனால் உரிமைப் பங்காக வருவதில்லை. மாநிலம் வேலைப் பட்டியல் அனுப்ப, டெல்லி ஒப்புதல் கொடுத்த பிறகு வருகிறது.

இரண்டாவது வாய்க்கால், மானியம். இதற்கான கதவு அரசியலமைப்பின் 282-வது பிரிவு. ஒரு பொது நோக்கத்துக்காக மத்திய அரசு யாருக்கு வேண்டுமானாலும் மானியம் தரலாம், அந்த விஷயத்தில் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறது அந்தப் பிரிவு. இந்த ஒற்றை வரியின் மீதுதான் கிராமச் சாலை, நகர பஸ் என்று பல திட்டங்கள் நிற்கின்றன. சட்டம் போட முடியாத இடத்தில் செக் போடலாம்!

மானியம் என்ற சொல் நம்மைக் கொஞ்சம் குழப்பும். கேஸ் சிலிண்டருக்கு வருவதும் மானியம்தான், டிராக்டர் வாங்கத் தருவதும் மானியம்தான். பழைய காலத்தில் கோயிலுக்கும் ஊர் வேலை செய்கிறவர்களுக்கும் வரியில்லாமல் விட்ட நிலத்துக்கும் மானியம் என்றுதான் பெயர். ஒரு விதத்தில் அந்தப் பழைய பொருள்தான் இங்கே பொருந்துகிறது. இன்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த நிலம் அது. வேலை நின்றால் நிலமும் நிலைக்காது. டெல்லி மாநிலத்துக்குத் தரும் மானியமும் வேலையோடு கட்டிப்போட்டது.

500 பேர் இருந்தால் ரோடு

பலகைக்குத் திரும்பி வருவோம். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், அலுவலகங்களில் பி.எம்.ஜி.எஸ்.ஒய்., 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கியது. நோக்கம் எளிமையானது: எல்லாப் பருவத்திலும் போய்வரக்கூடிய ஒரு சாலையாவது ஒவ்வொரு குடியிருப்புக்கும் வேண்டும். மழை பெய்தால் சேற்றில் வண்டி மாட்டக்கூடாது.

எந்தக் குடியிருப்புக்கு? சமவெளியில் 500 பேருக்கு மேல் இருந்தால் தகுதி. மலைப்பகுதி, பழங்குடிப் பகுதி, பாலைவனம் என்றால் 250. தலைக்கணக்கு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. 480 பேர் இருக்கும் ஊர் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். 500 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. பக்கத்துத் தெருவும் பக்கத்துக் காலனியும் சேர்ந்தால் கணக்கு தேறிவிடும். தேறாத ஊர், மாநிலத்தின் திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு விதி, ஓர் ஊருக்கு ஓர் இணைப்பு. ஏற்கெனவே ஒரு பக்கம் நல்ல சாலை இருந்தால், இன்னொரு பக்கம் சந்தைக்குப் போகக் குறுக்குவழி வேண்டும் என்று புதிய இணைப்பு கேட்க முடியாது. தமிழ்நாடு மாதிரி முன்பே பெரும்பாலான கிராமங்களுக்குச் சாலை போட்டுவிட்ட மாநிலத்துக்குப் புது இணைப்பு வேலை அதிகம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். முன்னாலேயே கைக்காசைப் போட்டு வேலையை முடித்தவனுக்குப் பந்தியில் கடைசி இலை. தேவை உள்ளவனுக்கு முதலில் என்பது நியாயமான விதிதான். ஆனால் செய்தவனுக்கு அது தண்டனை மாதிரித் தெரிவதையும் மறுக்க முடியாது. பிறகு வந்த கட்டங்கள் இதை ஓரளவு சரிசெய்தன. 2013-ல் வந்த இரண்டாம் கட்டமும், 1,25,000 கிலோமீட்டர் இலக்கோடு 2019-ல் வந்த மூன்றாம் கட்டமும் இருக்கிற சாலைகளை அகலப்படுத்தி வலுப்படுத்துவதற்கு. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் மறுபடியும் இணைப்பில்லாத குடியிருப்புகளைத் தேடுகிறது. 25,000 குடியிருப்புகள், 62,500 கிலோமீட்டர், 70,125 கோடி ரூபாய். இந்த முறை 2011 தலைக்கணக்கு.

சரி, யார் எவ்வளவு போடுகிறார்கள்? ஆரம்பத்தில் சாலை போடும் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. 2015-16 முதல் 60:40. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் மட்டும் 90:10. பெயர்ப்பலகை மாறவில்லை என்பது ஒரு சின்ன வேடிக்கை. 40 சதவீதம் போடும் மாநிலத்தின் முதல்வர் பெயர் திட்டத்தில் கிடையாது. மாநிலங்கள் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வதும், தங்கள் பெயரில் தனித் திட்டம் அறிவிப்பதும் இதனால்தான். தமிழ்நாட்டில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று ஓடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 கிலோமீட்டர் சாலை, மதிப்பீடு 2 கோடி. டெல்லி 1 கோடியே 20 லட்சம், மாநிலம் 80 லட்சம். கணக்கு முடிந்ததா? இல்லை. வழியில் ஒருவருடைய வயலிலிருந்து இரண்டு சென்ட் எடுக்க வேண்டும் என்றால் அந்த நிலத்தின் விலை திட்டத்தில் வராது, மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். டெண்டரில் ஒப்பந்ததாரர்கள் மதிப்பீட்டுக்கு மேல் கேட்டால் அந்தக் கூடுதலும் மாநிலத்துடையது. அப்புறம் அந்த ஐந்து வருடப் பராமரிப்பு. சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. மோசமாகப் போட்டால் குழியை அவரே அடைக்க வேண்டும் என்ற பயம் இருக்கும். ஆனால் அந்தப் பராமரிப்புத் தொகையைக் கொடுப்பது மாநிலம். ஆகவே காகிதத்தில் 60:40 என்றாலும் ரோட்டின் ஆயுளுக்குக் கணக்குப் பார்த்தால் விகிதம் வேறு.

தாய்மாமன் சீராக ஃபிரிட்ஜ் வாங்கி வைக்கிறார் என்று வையுங்கள். சபையில் மைக்கில் பெயர் வாசிப்பார்கள். கரண்ட் பில் மாசாமாசம் நம் வீட்டுக்கு வரும். அதை யாரும் மைக்கில் வாசிப்பதில்லை. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு மேலிடம் தரும் மானியத்தில் பெரும்பகுதி இப்படித்தான்: உண்டாக்குவதற்குப் பணம் உண்டு, நடத்துவதற்கு இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற திட்டங்கள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

எங்கள் ஊர்ப் பலகையில் ஐந்தாம் வருடக் கட்டம் போன வருடமே முடிந்துவிட்டது. அடுத்த மழையிலேயே கல்வெர்ட் பக்கத்தில் தார் பெயர்ந்து முழங்கால் ஆழத்துக்குக் குழி. மனு எழுதிக்கொண்டு போனால், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது, இனி வேறு நிதியில்தான் எடுக்க வேண்டும், மதிப்பீடு போடச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. ஐந்து வருடம் வரைக்கும் அந்தச் சாலைக்கு ஒரு தாய் தகப்பன் இருந்தது. இப்போது அது மாநிலத்தின் பராமரிப்பு வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான சாலைகளில் ஒன்று.

பணம் எப்படி வந்து சேர்கிறது

டெல்லியில் அறிவித்த அன்றே பணம் வந்துவிடாது. தவணைதான். முதல் தவணையைச் செலவு செய்து, செலவு செய்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்தது. அலுவலகங்களில் இதை யூ.சி. என்பார்கள். "யூ.சி. போகலை, அதான் ஃபண்ட் நிக்குது" என்பது அரசு அலுவலகத்தில் வருடம் முழுக்கக் கேட்கும் வசனம்.

முன்பெல்லாம் வந்த பணம் பல வங்கிக் கணக்குகளில் பிரிந்து கிடக்கும். ஒரு மாவட்டத்தில் செலவாகாமல் கிடக்க, இன்னொரு மாவட்டத்தில் ஒப்பந்ததாரர் பில்லுக்கு அலைவார். 2021 முதல் ஒரு திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே முகமை, ஒரே கணக்கு என்று ஆக்கிவிட்டார்கள். மாநிலம் தன் பங்கையும் அதே கணக்கில் போட வேண்டும். டெல்லியில் உட்கார்ந்துகொண்டே எந்தக் கணக்கில் எவ்வளவு தூங்குகிறது என்று பார்க்கலாம். கணக்குச் சுத்தத்துக்கு நல்லதுதான். ஆனால் மாநிலத்தின் 40 தாமதமானால் டெல்லியின் 60-ம் சேர்ந்து நிற்கும்.

நிபந்தனை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கு நேரடியாகவும் மானியம் பரிந்துரைக்கும். அதில் கட்டுப்பாடில்லாத பகுதியைத் தெருச் சாலைக்குக்கூடப் பயன்படுத்தலாம். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். 2016-ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தள்ளிக்கொண்டே போனபோது அந்த மானியமும் நின்றுபோனது. தேர்தல் நடத்தாதது ஊர்க்காரர்கள் இல்லை. நஷ்டம் அவர்களுக்கு.

பஸ்

2005 டிசம்பரில் நகரங்களுக்கென்று ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தது. தண்ணீர், சாக்கடை, மேம்பாலம் என்று ஓடிக்கொண்டிருந்த திட்டத்தில், உலகப் பொருளாதாரம் சரிந்திருந்த 2009-ன் தொடக்கத்தில் பஸ் வாங்கவும் பணம் தருகிறோம் என்றது மத்திய அரசு. பஸ் கம்பெனிகளுக்கு ஆர்டர் கிடைக்கும், நகரங்களுக்குப் பஸ் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மத்திய பங்கு ஊருக்கு ஊர் வேறு. 40 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள பெருநகரத்துக்கு 35 சதவீதம், 10 லட்சத்துக்கு மேல் என்றால் 50, அதற்குக் கீழே 80. ஒரு பஸ் 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால் சென்னைக்கு 14 லட்சம் வரும், கோவைக்கும் மதுரைக்கும் 20 லட்சம் வரும். பெரிய ஊருக்கு வருமான வழி அதிகம், ஆகவே உதவி குறைவு என்பது தர்க்கம்.

இதிலும் நிபந்தனை உண்டு. நகரத்தின் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட ஒரே அமைப்பு வேண்டும், பார்க்கிங் கொள்கை வேண்டும், நகரப் போக்குவரத்துக்குத் தனி நிதி வேண்டும் என்றார்கள். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் வந்தது. அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் முதல்வர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். நிபந்தனைக்காகச் சட்டம் போடுவது வேறு, அதை உயிரோடு வைப்பது வேறு என்பதற்கு இடையில் 12 வருடம்.

வந்த பஸ்களுக்கு டீசல், டயர், டிரைவர் கண்டக்டர் சம்பளம்? அது போக்குவரத்துக் கழகத்தின் பாடு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பஸ்ஸுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு பஸ்ஸின் விலையைவிட அதன் ஆயுள் முழுக்க ஓட்டும் செலவு பல மடங்கு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததே, அதற்கான ஈட்டுத்தொகை முழுக்க மாநில பட்ஜெட்டிலிருந்து போகிறது. தினமும் காலையில் பூக்கூடையோடு ஏறும் பெண்மணிக்கு அந்தப் பயணம் ஒரு பெரிய விஷயம். ஆனால் டெல்லியின் எந்தத் திட்டத்திலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இந்த வழக்கத்தில் ஒரு மாற்றம் 2023 ஆகஸ்டில் வந்தது. பிரதமர் இ-பஸ் சேவா திட்டத்தில் 10,000 மின்சார பஸ்கள். மொத்தச் செலவு 57,613 கோடி, அதில் மத்திய பங்கு 20,000 கோடி. பஸ்ஸை வாங்குவது தனியார் நிறுவனம். அது ஓட்டும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நகரம் பணம் கொடுக்கும். அதில் ஒரு பகுதியை டெல்லி ஏற்கிறது: 12 மீட்டர் பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 24 ரூபாய், 9 மீட்டருக்கு 22, 7 மீட்டருக்கு 20. நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடும் பெரிய பஸ்ஸுக்கு 4,800 ரூபாய். ஓட்டுவதற்கும் காசு என்று டெல்லி இறங்கிவந்தது, என் பார்வையில், இத்தனை வருடத்தில் நடந்த உருப்படியான மாற்றம். ஆனால் பத்து வருடம்தான். பதினோராம் வருடம் கரண்ட் பில் மறுபடியும் வீட்டுக்கு வரும்.

65 சதவீதம் என்றால் என்ன?

கடைசியாக மெட்ரோ. பெரிய தொகை, பெரிய சண்டை, பெரிய குழப்பம் எல்லாம் இங்கேதான்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடம், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா சென்னை வந்து அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் இதற்குப் பங்கு தருவதாக அறிவிப்பு வந்தது. அதே வருடம் ஆகஸ்டில், பெரிய திட்டங்களைப் பரிசீலிக்கும் மத்திய அரசின் பொது முதலீட்டு வாரியம் பரிந்துரைத்தது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் எப்போது வந்தது தெரியுமா? 2024 அக்டோபர் 3. இடையில் வேலை நிற்கவில்லை. மாநிலத் திட்டம் என்ற கணக்கில், ஜப்பான் அரசின் உதவி முகமையான ஜைகா, ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரியான இடங்களில் வாங்கிய கடனை மாநிலம் தன் பெயரில் எழுதிக்கொண்டு நடத்தியது.

ஒப்புதல் வந்ததும் "மத்திய அரசு 65 சதவீதம் தருகிறது" என்று செய்தி வந்தது. டீக்கடையில் "41,000 கோடி கொடுத்துட்டாங்கப்பா" என்றார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 33,593 கோடி வெளிநாட்டு வங்கிக் கடன். 7,425 கோடி மத்திய அரசு போடும் பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனும். இரண்டும் சேர்ந்து 41,018 கோடி, அதுதான் 65 சதவீதம். மீதி 22,228 கோடி மாநிலம்.

அந்த 33,593 கோடியைத் திருப்பிக் கட்ட வேண்டியது சென்னை மெட்ரோ நிறுவனம். அதனால் முடியாவிட்டால் மாநிலம் கைகொடுக்க வேண்டும். ஆகவே அது மானியம் இல்லை. 7,425 கோடியும் கண்டிப்பாகச் சொன்னால் மானியம் இல்லை. ஒரு பகுதி பங்கு மூலதனம், அதாவது நிறுவனத்தில் பங்குதாரராகப் போடும் பணம். இன்னொரு பகுதி சார்நிலைக் கடன், அதாவது பெரிய கடன்களை எல்லாம் அடைத்த பிறகு கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும் கடன். ஆனாலும் உடனே பாரமாகாத பணம் இதுதான். மொத்தத்தில் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

அப்படியானால் ஒப்புதலால் ஒன்றும் கிடைக்கவில்லையா? கிடைத்தது, பெரியதாகவே கிடைத்தது. கடன் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். ஒரு மாநிலம் வருடத்துக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு டெல்லி வரம்பு வைத்திருக்கிறது. மெட்ரோ கடன் மாநிலத்தின் பெயரில் இருந்தவரை அந்த வரம்பைத் தின்றது. பாலத்துக்கும் குடிநீருக்கும் வாங்க வேண்டிய கடனுக்கு இடம் குறைந்தது. ஒப்புதலுக்குப் பிறகு அந்த 33,593 கோடி மத்திய அரசு வாங்கி மெட்ரோ நிறுவனத்துக்குக் கைமாற்றும் கடனாக எழுதப்படுகிறது. மாநிலத்தின் வரம்பில் அந்த இடம் காலியாகிறது. பெட்டியில் ரொக்கம் வரவில்லை, பெட்டியில் இடம் வந்தது. இதைத்தான் ஒரு தரப்பு "கொடுத்தோம்" என்றது. மூன்று வருடம் அந்த இடம் அடைபட்டுக் கிடந்ததைத்தான் இன்னொரு தரப்பு "தரவில்லை" என்றது.

கடனா மானியமா என்ற கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருக்காது. 2020-21 முதல் மாநிலங்களின் கட்டுமான வேலைகளுக்கு 50 வருடத்துக்கு வட்டியில்லாக் கடன் தருகிறது மத்திய அரசு. முதல் வருடம் 12,000 கோடியாக இருந்தது, 2024-25 பட்ஜெட்டில் 1.5 லட்சம் கோடி. சாலைக்கும் பாலத்துக்கும் நிறையப் போகிறது. பெயரில் கடன். ஆனால் வருடம் 7 சதவீத வட்டி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 50 வருடம் கழித்துக் கட்டும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு மூன்றரை ரூபாய்கூட வராது. இது கிட்டத்தட்ட மானியம்தான். இதிலும் ஒரு பகுதிக்கு நிபந்தனை உண்டு: அரசு வைத்திருக்கும் 15 வருடத்துக்கு மேலான வண்டிகளைக் கழித்துக்கட்டினால் கூடுதல் பணம் என்கிற மாதிரி. மெட்ரோ "65 சதவீத உதவி" பெரும்பாலும் கடன், வட்டியில்லாக் "கடன்" பெரும்பாலும் உதவி. பெயரை நம்பக்கூடாது.

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ கேட்டு மாநிலம் திட்ட அறிக்கை அனுப்பியது. 2025 நவம்பரில் டெல்லி அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டது. சொன்ன காரணங்களில் முக்கியமானது 2017 மெட்ரோ ரயில் கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை வரம்பு. இரண்டு மாநகராட்சிகளும் 2011 கணக்கெடுப்பில் அதற்குக் கீழே. சுற்றியிருக்கும் ஊர்களைச் சேர்த்தால் கோவை 2011-லேயே 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எந்தக் கோட்டுக்குள் எண்ணுவது என்பதுதான் சண்டை. கிராமத்துக்கு 500, நகரத்துக்கு 20 லட்சம். எண் மாறுகிறது, கேள்வி அதேதான்: பக்கத்துக் காலனியைச் சேர்த்து எண்ணலாமா கூடாதா?

கோவை அவிநாசி ரோட்டில் மாலை ஆறு மணிக்கு பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லாரையும் 2011-ல் எண்ணியிருக்க முடியாது. சிலர் அப்போது பிறக்கவே இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் தேதி 2027 மார்ச் 1.